பதக்கத்தார் பார்த்த கடிகாரம்

"சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கினதா என் சரித்திரத்துலயே கிடையாது! எங்க அப்பா சரித்திரத்துலயும் கிடையாது!" என்று பதக்கத்தார் மைக்கைப் பிடித்து முழங்கியபோது, மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. மைக்குகளுக்கு மனிதர்களைப் பற்றி ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கூடியிருந்த முப்பத்திரண்டு காவலர்களும், அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்த கடைக்காரரும் மட்டும் கைதட்டினார்கள். போர் முனையிலிருந்து திரும்பி, காவல் நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. வரவேற்பு விழா. மேடையில் பேசியதற்கு யாரையும் யாரும் பொறுப்பாக்குவதில்லை என்பது உலகம் முழுவதும் போற்றிக் காக்கப்படும் நல்ல வழக்கம். பதக்கத்தார் விஷயத்தில் அந்தச் சலுகை மறுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் மறுநாளே பெயின்டரை வரவழைத்து, அந்த வாசகத்தை நிலையத்தின் முகப்புச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதவைத்தார். அப்பாவைப் பற்றிய பாதிக்குச் சுவரில் இடம் போதவில்லை.

பதக்கத்தார் என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். ஆள் ஆறடி இரண்டு அங்குலம். நாட்டின் இரண்டாவது பெரிய வீரப் பதக்கம் அவருடையது. முதலாவது பெரிய பதக்கத்தை வாங்குவதற்கு இறந்துபோக வேண்டியிருந்தது. அவருக்கு அதில் அவ்வளவாக நாட்டமில்லை. மலைச்சரிவில் இருந்த ஒரு பதுங்கு குழியை மூன்று நாள் எதிரிக்கு விட்டுக்கொடுக்காமல் காத்தார் என்று பாராட்டுப் பத்திரம் சொல்கிறது. முதல் நாள் காலையிலேயே மண் சரிந்து குழியின் வாசல் அடைபட்டுவிட்டது என்பதைப் பத்திரம் சொல்லவில்லை. பின்வாங்க வேண்டும் என்று நினைத்தாலும் எந்தப் பக்கமாக வாங்குவது? வாசல் திறந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் மட்டும் தன்னைத்தானே அடிக்கடி கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் யாராவது வந்து கைகுலுக்கிவிடுவார்கள்.

குழியில் அவர் தனியாக இல்லை. இடப்பக்கம் ஓர் ஒல்லி ஆள் இருந்தார். படையில் எப்போதும் பதக்கத்தாருக்கு இடப்பக்கமாகவே நிற்பவர் என்பதால் லெஃப்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. துப்பாக்கி இருந்தது பதக்கத்தார் பக்கம். குழல் மட்டும் நுழையக்கூடிய ஒரு பிளவில் செருகியிருந்தது. வெளியே பார்க்கக்கூடிய ஓட்டை, இரண்டு விரல் அகலம், லெஃப்டு பக்கம். "மச்சான், பெரிய பாறைக்குப் பின்னாடி ரெண்டு பேரு" என்பார் லெஃப்டு. பதக்கத்தார் பாறையைப் பார்க்காமலே பாறைப் பக்கம் சுடுவார். பக்கத்து ஆள் பார்த்தால் நீ பார்த்த மாதிரி என்பது படையில் பல் விளக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே சொல்லித்தரும் பாடம். அந்தப் பாடத்தில்தான் அவர் உயிர் பிழைத்தார். ஆகையால் அது அவருக்கு வெறும் பாடமாக இல்லாமல் மதமாகவே ஆகிவிட்டது.

போர் முடிந்ததும் வீரர்களை என்ன செய்வது என்று அரசாங்கங்களுக்கு ஒரு குழப்பம் வரும். துப்பாக்கி பிடித்த கையில் தடியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடித்திருந்தார். இருவருக்கும் ஒரே நிலையத்தில் வேலை கிடைத்தது. லெஃப்டுக்குக் கிடைத்த பதக்கம் சின்னது; கையெழுத்து அழகு. எனவே நிலையத்தின் ஏடுகளை எல்லாம் எழுதும் ரைட்டர் ஆனார். லெஃப்டு எப்படி ரைட்டர் ஆகலாம் என்று எல்லோரும் ஒரு வாரம் சிரித்தார்கள். யாருக்கு எந்த நேரத்தில் காவல் பாரா என்று எழுதுவதும் ரைட்டர்தான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

பதக்கத்தாரை எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் புரியவில்லை. முதல் மாதம் ஒரு பிக்பாக்கெட்டை அரை மைல் துரத்திப் பிடித்தார். பிடிபட்டவன் மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க அவருதானே! பிடிச்சது நீங்கதான்னு சொன்னா எங்க ஆளுங்க நம்ப மாட்டாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றான். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பர்ஸ் கைமாறிவிட்டது. போக்குவரத்துக்கு அனுப்பினார்கள். அவர் கையைக் காட்டினால் வண்டிகள் நின்றன. கையை இறக்கினாலும் நின்றன. இறங்கி வந்து குழியைப் பற்றி விசாரித்தார்கள். நான்கே நாளில் அவரைத் திருப்பி அழைத்து, நிலைய வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். காலையில் எட்டு மணிக்குப் பதக்கம் குத்திய சட்டையோடு உட்கார வேண்டும். ஆறு மணிக்கு எழுந்திருக்கலாம். நடுவில் பள்ளிக்கூட விழாக்கள், கடைத் திறப்புகள், ரத்ததான முகாம்கள். அவர் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றால் போதும்.

வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை மனுப் போட்டார். 'தங்கள் சேவை இந்நிலையத்துக்கு இன்றியமையாதது' என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது, அதே அழகான கையெழுத்தில். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு, "அந்த மூணாவது நாள் என்ன சார் நெனச்சீங்க?" என்பார். தண்ணீர் வேண்டும் என்று நினைத்தார். அதைச் சொன்னால் கடைக்காரர் முகம் வாடும். எனவே நாட்டை நினைத்தேன் என்பார். தக்காளி ஒன்று கூடுதலாக விழும். பதக்கம் அவர் சட்டையில் குத்தியிருந்தது என்பது பார்வைக்கு. உள்ளபடி பார்த்தால் அவரைத்தான் பதக்கத்தில் குத்தி வைத்திருந்தார்கள்.

பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டருக்கு ஞானம் பிறந்தது. ஒரு வழக்கில் வேறு ஆள் கிடைக்காமல் பதக்கத்தாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டார். தண்டனை விழுந்தது. அன்று முதல் பதக்கத்தார் எங்கே இருந்தாலும், நிலையத்து ஆட்கள் எங்கே எதைக் கைப்பற்றினாலும், அதைப் பார்த்தவர் பதக்கத்தார்தான். வீட்டைச் சோதனை போட்டு ஒரு பொருளை எடுத்தால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் முன்னால் எடுத்தோம் என்று எழுதி, பார்த்தவரிடம் கையெழுத்து வாங்கும் தாளுக்கு மகஜர் என்று பெயர். லெஃப்டு எழுதிக்கொண்டு வருவார். "மச்சான், இதுல ஒண்ணு போடு." பதக்கத்தார் போடுவார். லெஃப்டு பார்த்தால் அவர் பார்த்த மாதிரி. இதில் பொய் எங்கே வந்தது? ஒரு தாளில்கூடத் தன் மனம் அறிந்து அவர் பொய் சொன்னதில்லை. மனத்தைக் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அப்படித்தான் பூட்டுக்காரர் வழக்கும் வந்தது.

ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் திருட்டு. போன பொருள்களில் முக்கியமானது, மேலே தாவும் குதிரை வைத்த மேசைக் கடிகாரம். பதினைந்து நாள் கழித்து, பின்தெருவில் பூட்டு, சாவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பூட்டுக்காரரைக் கைது செய்தார்கள். அன்று மாலை ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்ததாக மகஜர் சொன்னது. பதக்கத்தார் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐந்தரை மணிக்கு அவர் ஒரு பெண்கள் பள்ளி மைதானத்தில், கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி ஓடிய போட்டியில் முதலாவதாக வந்த சிறுமிக்குக் கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கும் தெரியும்தான். ஆனால் லெஃப்டு எழுதியிருக்கிறார் என்றால் லெஃப்டு பார்த்திருக்கிறார்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில், "கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்ததை நேரில் பார்த்தேன்" என்று மணியாகச் சொன்னார். கைதிக் கூண்டில் ஐந்தடி உயரமுள்ள பூட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் பதக்கத்தார் நிற்கும் கூண்டின் கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்து தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி. குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். வழக்கு ருசுவானால் இரண்டு வருடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதக்கத்தார் வீட்டில் பீரோ திறக்க மறுத்தது.

காவலர் குடியிருப்பில் இரண்டே அறை. முன்னறையில் பாதியைப் பீரோ அடைத்திருந்தது. பீரோவுக்குள் பதக்கம். பதக்கம் இல்லாமல் திங்கட்கிழமை கூண்டில் ஏற முடியாது; அது இன்ஸ்பெக்டரின் கட்டளை. பதக்கத்தார் சாவியை இடம் திருப்பினார், வலம் திருப்பினார், பீரோவை ஓர் உதையும் விட்டார். எதிரிப் படையையே மூன்று நாள் நிறுத்தியவரைப் பீரோ சட்டை செய்யவில்லை.

"பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதானே?" என்று அவர் மனைவி சமையலறையிலிருந்து சொல்லிவிட்டு, சொன்னதை யோசித்துவிட்டு, வெளியே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த வட்டாரத்துல வேற ஆள் யாரும் இல்லியாங்க?"

"இல்ல."

"கடை திறந்துதான் இருக்கு. அவர் சம்சாரம் உட்கார்றாங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்."

"அப்ப பீரோவைத் தூக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போங்க."

பூட்டுக்காரரின் மனைவி ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். நாற்பது வயதிருக்கும். செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பூட்டை மட்டும் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்தாள்.

"உள்ள என்ன சார் வெச்சிருக்கீங்க? உடையிற சாமானா?"

"மெடல்" என்றார் பதக்கத்தார்.

"அவசரமா வேணுமா?"

பதக்கத்தாரின் மனைவிதான் வாய் தவறினாள். "ஆமாம்மா, திங்கக்கிழமை கோர்ட்டுக்கு..." என்று தொடங்கி, மீதியை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்கும் திங்கக்கிழமை கோர்ட்டுதான்" என்றாள் அவள், பக்கத்து வீட்டுக்காரி சந்தைக்குப் போகிற நாளைச் சொல்வதுபோல. கம்பியை உள்ளே விட்டு மெல்லத் துழாவினாள். "சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தீங்களே, தலையில ரொம்ப அடிபட்டுதா?"

பதக்கத்தாருக்கு விளங்கவில்லை. "எதுல?"

"வாசக்கால்லதான். எங்க வீட்டு வாசக்கால் ரொம்பக் குட்டை சார். எங்க வீட்டுக்காரரே குனிஞ்சுதான் வருவாரு, அவரு இருக்கிற உயரத்துக்கு. புதுசா வர்றவங்க ஒருத்தர் விடாம நெத்தியைப் பிடிச்சிக்கிட்டுதான் உட்காருவாங்க. கரண்டு மீட்டர் பார்க்க வந்தவருக்கு முட்டை மாதிரி வீங்கிடுச்சு. என் நாத்தனாரு மூணு தடவை இடிச்சிட்டு, இனிமே வாசல்லயே நின்னு சண்டை போட்டுக்கிறேன்னுட்டாங்க. நீங்க இவ்ளோ உயரம். அன்னிக்கு நான் கடையில இருந்தேன், பார்க்கல. அடிபட்டிருந்தா மன்னிச்சுக்கங்க. இடிச்சிட்டுக் கட்டணும்னு அவரும் வருஷா வருஷம் சொல்லுவாரு."

அவள் நையாண்டி செய்கிறாளா, மெய்யாகவே விசாரிக்கிறாளா என்று தெரிந்துகொள்ளப் பதக்கத்தார் அவள் முகத்தைத் தேடினார். முகம் பூட்டுக்குள் இருந்தது. அடிபட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படவில்லை, குனிந்துதான் வந்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். கூண்டில் ஏறி நின்றால் தானாக ஓடி வருகிற வார்த்தை, சொந்த வீட்டில் ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்து வர மறுத்தது.

'டக்' என்று பீரோ திறந்துகொண்டது.

"பூட்டோட நாக்கு தேஞ்சுபோச்சு சார். அளவுக்கு மேல வேலை வாங்கியிருக்கீங்க" என்றாள் அவள். பெட்டியை மூடினாள். "புது நாக்கு போடணும். அவர் வந்ததும் போட்டுத் தருவாரு."

அவள் போன பிறகு மனைவி பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றாள். "அந்த அம்மா கேட்டதுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாமேங்க?"

"என்னத்தைச் சொல்ல?"

"இடிச்சுதா, இல்லியா?"

பதக்கத்தார் தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். ஒரு வீக்கம் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் காலை நாற்காலியில் உட்காராமல் நேராக ரைட்டர் அறைக்குப் போனார். பழைய வழக்குக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்த அறை. நடுவில் மேசைக்கும் சுவருக்கும் இடையில் செருகிவைத்த மாதிரி லெஃப்டு உட்கார்ந்திருந்தார்.

"லெஃப்டே, அந்தப் பூட்டுக்காரர் வீட்டுக்கு நீ போனியா?"

"எந்தப் பூட்டுக்காரரு?"

"கடிகாரம்."

"ஓ, அதுவா. நான் எங்க மச்சான் போறது? நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து ஏழு வருஷமாச்சு. ஏட்டு சொன்னாரு, எழுதினேன்."

"ஏட்டு பார்த்தாரா?"

"இன்ஸ்பெக்டர் சொன்னாருன்னு ஏட்டு சொன்னாரு."

"இன்ஸ்பெக்டர்?"

லெஃப்டு பேனாவைக் கீழே வைத்தார். "மச்சான், நீ கேட்கிறதால சொல்றேன். கடிகாரம் முதலாளி வீட்டுக் காம்பவுண்டுக்குப் பின்னாடி புதர்ல கிடந்துச்சு. எவனோ பயந்து போட்டுட்டுப் போயிருக்கான். முதலாளி, 'என் வீட்டுக்குப் பூட்டு போட்டவன் அவன்தான், போடத் தெரிஞ்சவனுக்குத் திறக்கத் தெரியாதா'ன்னு கேட்டாரு. மாசக் கடைசி. மேலிடத்துல வழக்கு என்னாச்சுன்னு கேட்கிறாங்க. நான் கடிகாரத்தைப் புதர்ல இருந்து கட்டிலுக்கு அடியில கொண்டுபோய் வெச்சேன். காகிதத்துலதான்."

ஆக, பதக்கத்தாரின் கண்ணாக லெஃப்டு இருந்தார். லெஃப்டின் கண்ணாக ஏட்டு. ஏட்டின் கண்ணாக இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டரின் கண்ணாக ஜவுளிக்கடை முதலாளி. அவரோ துணியைத் தவிர எதையும் உற்றுப் பார்த்தவர் அல்லர். இத்தனை கண் இருந்தும் ஒருவர் பார்வையிலும் ஒன்றும் படவில்லை. இப்படி ஓர் அதிசயத்தைச் சாதிக்க ஓர் அரசாங்க அலுவலகத்தால் மட்டுமே முடியும்.

"உன்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார் பதக்கத்தார். "அந்தக் குழியில உன்னை நம்பின மாதிரி."

லெஃப்டு சட்டென்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஏழு வருடத்தில் அவர் எழுந்த முதல் தடவை அதுவாக இருக்கலாம்.

"அந்த ஓட்டை ரெண்டாம் நாளே அடைஞ்சுபோச்சு மச்சான்."

"எந்த ஓட்டை?"

"நான் பார்த்துக்கிட்டிருந்த ஓட்டைதான். மண்ணு விழுந்து மூடிடுச்சு. நோண்டிப் பார்த்தேன், வரல. உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சிடுவே. அதனால சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன். சத்தத்தை வெச்சு ஒரு குத்துமதிப்பா. பாறைக்குப் பின்னாடி ரெண்டு பேரு, மரத்துக்கிட்ட ஒருத்தன்னு. ரெண்டாம் நாள்லயிருந்து எனக்கும் ஒண்ணும் தெரியல."

"அப்ப நான் எதைச் சுட்டேன்?"

"அது யாருக்குத் தெரியும்? ஆனா உயிரோட இருக்கோமா இல்லியா?" லெஃப்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரிடையராக இன்னும் பதினோரு மாசம்டா. நீ கூண்டுல ஏறி இல்லேன்னு சொன்னா, மகஜர் எழுதின கை எதுன்னு பார்ப்பாங்க. உன்னையும் பொய்ச் சாட்சின்னு உள்ள தள்ளுவாங்க. ஏற்கனவே பத்து இருபது வழக்குல சாட்சி சொல்லியிருக்கே. அதையெல்லாம் கிளறுவாங்க. அந்தப் பூட்டுக்காரன் ரெண்டு வருஷத்துல வந்துடுவான். நாம?"

பதக்கத்தார் வெளியே வந்தார். பத்து இருபது இல்லை, பதினேழு. எண்ணிக்கை அவருக்குத் தெரிந்திருந்தது. அவரே அதற்கு ஆச்சரியப்பட்டார்.

அன்று முழுவதும் அவர் தப்பிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வீரர்கள் இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்கள், வாசல் அடைபட்ட குழிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். முதலில் இன்ஸ்பெக்டரிடம் போனார்.

"ஐயா, அந்தக் கடிகாரத்தை நான் பார்க்கலை."

"நீங்க பார்க்கலைன்னா வேற யார் பார்ப்பாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், மெய்யான அக்கறையோடு. "பதினஞ்சு நாளா சரியாத் தூக்கம் இல்லையா? முகம் வாடியிருக்கு. திங்கக்கிழமை முடிஞ்சதும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. திங்கக்கிழமை முடிஞ்சதும்."

அடுத்து, நோய். காவலர் மருத்துவமனையில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்தார். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். நர்ஸை அழைத்து அவளையும் கேட்கச் சொன்னார். "வீர இதயம்னா எப்படித் துடிக்கும்னு கேட்டுக்கம்மா" என்றார். பூரண ஆரோக்கியம் என்று சான்றிதழ் எழுதி, கையோடு தன் மகனுக்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

கடைசியாக ராஜினாமா. நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு போனார். ராஜினாமாக் கடிதங்களைப் பதிவு செய்ய வேண்டியவர் ரைட்டர். லெஃப்டு அதை வாங்கிப் படித்தார். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ராஜினாமா பண்ணாலும் சாட்சி சாட்சிதான் மச்சான். வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி துணிகளைப் போட்டுக்கொண்டு இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்தாள். பதக்கத்தார் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டை அடைந்ததையும் சேர்த்து. திருமணமான பதினான்கு வருடத்தில் குழியைப் பற்றி அவள் கேட்காமலே அவர் பேசியது அதுதான் முதல் முறை.

"இல்லேன்னு சொல்லிட்டா இந்த வீட்டைக் காலி பண்ணணுமா?"

"பண்ணணும்."

"உங்களை ஜெயில்ல போடுவாங்களா?"

"போடலாம்."

"ஆமாம்னு சொல்லிட்டா?"

"ஒண்ணும் ஆகாது. வாசல்ல நாற்காலி."

அவள் ஒரு சட்டையின் கை மடிப்பை நீவினாள். "நாற்காலிக்கும் ஜெயிலுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? அங்க சாப்பாடு கொண்டாந்து தருவாங்க, இங்க நான் கொண்டாறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு சிடுசிடுப்பாக, "நான் ஒண்ணும் சொல்லலப்பா. நாளைக்கு என்னாலதான் குடும்பம் தெருவுக்கு வந்துச்சுன்னு பேச்சு வரக்கூடாது. மெடல் குத்தின சட்டையா, சாதாச் சட்டையா? அதை மட்டும் சொல்லுங்க, தேய்க்கணும்" என்றாள்.

அவள் இரண்டையும் தேய்த்தாள்.

திங்கட்கிழமை பதக்கம் குத்திய சட்டையோடுதான் போனார். இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்து அழைத்துக்கொண்டு போகும்போது வேறு சட்டை எங்கிருந்து வரும்? நீதிமன்றத்தில் உஷ்ணம். மேலே ஒரு விசிறி நீதிபதிக்கு மட்டும் சுற்றியது. வழக்குக் கட்டை மார்போடு அணைத்தபடி லெஃப்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பதக்கத்தாரைப் பார்க்காமல் கட்டின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பூட்டுக்காரர் ஒரு வாரத்தில் இன்னும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது போலிருந்தது. அவர் மனைவி கடைசிப் பெஞ்சில், பெட்டி இல்லாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பதக்கத்தார் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தொண்டை பாதிதான் திறந்திருந்தது. குறுக்கு விசாரணை என்பது சாட்சியைக் குடைந்து எடுக்க வேண்டிய வேலை. அவர் கைகூப்பினார்.

"ஐயா, முதல்ல இந்த நாடே உங்களுக்குக் கடன்பட்டிருக்கு" என்று கரகரத்தார். "உங்களைக் குறுக்கு விசாரணை பண்றதுக்கு எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் கட்சிக்காரர் சார்பா ஒரே ஒரு கேள்வி. கடமைக்குக் கேட்கிறேன். அந்தக் கடிகாரத்தைக் கட்டிலுக்கு அடியில இருந்து எடுத்ததை, நீங்களே உங்க கண்ணால பார்த்தீங்க, இல்லையா?"

தன் கட்சிக்காரரை இவ்வளவு மரியாதையாகச் சிறைக்கு அனுப்பிய வக்கீலை அந்த நீதிமன்றம் அதற்கு முன் கண்டதில்லை. அரசு வக்கீல் திருப்தியாக உட்கார்ந்து தன் பேனாவை மூடினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஜீப் வெளியே நின்றுகொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றார் பதக்கத்தார்.

வக்கீலுக்கு ஒருவேளை காதிலும் அடைப்போ என்னவோ, "ரொம்ப நன்றி ஐயா" என்று சொல்லி உட்காரப் போனார். நீதிபதிதான் தலையை நிமிர்த்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"நான் அந்த வீட்டுக்குப் போனதே இல்லைங்க, ஐயா. அந்த நேரத்துல ஒரு பள்ளிக்கூட விழாவுல இருந்தேன். கடிகாரத்தை நான் எங்கயும் பார்க்கல."

அரசு வக்கீல் எழுந்தார். அவருடைய நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

"இந்த மகஜர்ல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?" என்று அவர் தாளை ஆட்டினார். "யார் சொல்லிப் போட்டீங்க?"

பதக்கத்தார் முன்வரிசை ஓரத்தைப் பார்க்கவில்லை.

"கையெழுத்து என்னோடதுங்க."

"யார் சொல்லின்னு கேட்டேன்."

"கையெழுத்து என்னோடதுங்க" என்றார் மறுபடியும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை அதைத் துடைக்கவில்லை. "போன வாரம் இதே இடத்துல நின்னு, நேரில் பார்த்தேன்னு சொல்லியிருக்கீங்க. சத்தியம் பண்ணிச் சொன்னது. பதிவாகியிருக்கு. இதோட விளைவு என்னன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியுங்க."

"அப்ப அந்த வாக்குமூலம்?"

பதக்கத்தாரின் கை கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தது.

"அது தப்புங்க, ஐயா. அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. டைப்பிஸ்டுக்குக் கேட்கலை."

அவர் அதையே இன்னொரு தடவை சொன்னார். சத்தம் மட்டும் கூடவில்லை. டைப்பிஸ்ட் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக அடிக்கத் தொடங்கினாள்.